பாலத்து இறக்கத்தில் படுத்திருந்தவள்

படுத்துக்கொண்டது டயானாதான். வேறு யாரையும் படுக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில், மருந்துக் கடையின் மாடியில் இருந்தது கோதண்டபாணியின் டிசைன் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை, நகைக்கடை விளம்பரம், பள்ளிக்கூடத்து காலண்டர் என்று எது வந்தாலும் செய்து கொடுக்கிற இடம். சாலை விபத்துகளைப் பற்றிப் பிரசாரம் செய்து தரச் சொல்லி ஓர் அறக்கட்டளையிலிருந்து வேலை வந்தபோது, கோதண்டபாணி அதை டயானாவிடம் கொடுத்தார். ஆள் இறந்துபோன இடங்களில் ஏதாவது செய்ய வேண்டும், வண்டி ஓட்டுகிறவனின் கால் தானாக பிரேக்குக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. போலீஸ் அனுமதியை அவர்களே வாங்கித் தருவதாகச் சொன்னார்கள்.

"போஸ்டர் வேணாம் சார்" என்றாள் டயானா. "போஸ்டரை யாரு நின்னு பார்க்கறாங்க? ரோட்டுலயே வரைஞ்சிடலாம். ஆளு விழுந்து கெடக்கற மாதிரி ஒரு கோடு. மூஞ்சி கெடையாது, பேரு கெடையாது. வெள்ளைக் கோடு மட்டும்."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. படுக்கறது யாரு?"

ஆபீஸ் தரையில் பிரவுன் தாளை ஒட்டி விரித்தார்கள். டயானா மல்லாந்து படுத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே எறிந்து, ஒரு காலை மடக்கிக்கொண்டாள். கோதண்டபாணி மார்க்கர் பேனாவால் அவளைச் சுற்றிக் கோடு போட்டார். பேனா கழுத்தோரம் வந்தபோது கூசியது, சிரித்துவிட்டாள். "செத்தவங்க சிரிக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர். இருவருமே சிரித்தார்கள். எழுந்து நின்று பார்த்தபோதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது. தான் எழுந்து வந்துவிட்டோம், அது இன்னும் எழவில்லை என்று தோன்றியது. தாளைச் சட்டென்று சுருட்டினாள்.

அந்தக் கோட்டை வைத்து ஸ்டென்சில் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில், போலீஸ்காரர் ஒருவர் தடுப்பு வைத்து நிற்க, பெயிண்டர்கள் இடம் இடமாகப் போய் அடித்தார்கள். லஸ்ஸில் ஒன்று, பனகல் பூங்காப் பக்கம் ஒன்று, அசோக் நகரில் ஒன்று, அடையாறு பாலத்தின் இறக்கத்தில் ஒன்று. எல்லாம் ஒரே உடம்பு. எல்லாம் டயானா.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. ஆனால் அம்மா தேசம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேசம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். உறவுக்காரி ஒருத்தியைப் பார்க்க மயிலாப்பூருக்குப் போனவள், லஸ்ஸில் ரோட்டைக் கடக்கும்போது அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"ரோட்டுல படுத்துகினு கீறது நீதானே?"

"அது வெறும் கோடும்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதா? அந்தக் கால மடக்கறது, அந்தக் கைய தூக்கிப் போடறது... உசுரோட கீற பொண்ணு பொணமாட்டம் படுப்பாளாடி? அது மேல பஸ் ஏறுது, நான் பார்த்துகினு நிக்கிறேன்."

தேசம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து லஸ் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனாள்.

டயானாவோ தேடிக்கொண்டு போக ஆரம்பித்தாள். வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் முதலில் போனாள். லஸ்ஸில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு பார்த்தபோது, மாநகரப் பேருந்து ஒன்று அந்த உருவத்தின் மார்பில் இடது சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போனது. இடது விலாவில் கை வைத்துப் பார்த்தாள். வலி இல்லை. ஆனால் வலி வந்து போன இடம் போல ஒரு சூடு இருந்தது.

அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. அசோக் நகரில் யாரோ உருவத்தின் தலைமாட்டில் ஒரு முழம் கதம்பம் வைத்திருந்தார்கள், பக்கத்தில் கற்பூரம் எரிந்த கறுப்பு. பனகல் பூங்காப் பக்கம் ஹேர் கிளிப் விற்கிற பெண்மணி ஒருத்தி தன் பெரிய குடையை நகர்த்தி, அதன் நிழல் அந்த உருவத்தின் முகத்தில் விழும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்மணியின் தலையில் வெயில் சுட்டது.

"ஏம்மா வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டாள் டயானா.

"அது வெயில்ல கெடக்குதேம்மா" என்றாள் அவள். பிறகு டயானாவின் முகத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏனோ பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

வண்டிகளின் வேகம் குறைந்திருப்பதாக அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. கோதண்டபாணி ஆபீசில் எல்லோருக்கும் சமோசா வாங்கி வைத்தார். டயானா தன்னுடையதைத் தொடவில்லை. நகரம் முழுக்க யார் யாரோ தன்னைத் தாண்டியும் தன் மேல் ஏறியும் போய்க்கொண்டிருப்பது, மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹபீபுர் ரஹ்மான் ஆபீசுக்கு வந்தார்.

வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி. படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மீர்சாகிப்பேட்டையில் கர்ட்டனும் சோபா உறையும் தைக்கிற கடை வைத்திருப்பதாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார்.

"அடையாறு பாலத்து இறக்கத்துல வரைஞ்சிருக்கீங்கல்ல, அங்க போனது என் பொண்ணு. தஹ்சீன். பல் ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு ஸ்கூட்டர்ல வந்துட்டு இருந்தா. தண்ணி லாரி."

கோதண்டபாணி எழுந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க பாய். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அழிச்சுடச் சொல்லிடறோம்."

"அழிக்க வேணாம்" என்றார் ஹபீபுர் ரஹ்மான் அவசரமாக. "தப்பா இருக்குதுன்னு சொல்லத்தான் வந்தேன். அவ அப்படிக் கையைக் காலைப் பரப்பிக்கிட்டு விழல. வேற மாதிரி இருந்தா. அதைச் சரியா வரைஞ்சு குடுங்க. அவ்ளோதான்."

அவர் போனபிறகு கோதண்டபாணி தயங்கினார். ஸ்டென்சில் ஒன்றுதான், இடத்துக்கு ஒன்று என்று மாற்ற ஆரம்பித்தால் முடிவே இருக்காது என்றார். டயானா அவர் முகத்தைப் பார்க்காமல், "நான் போய் அளவு எடுத்துட்டு வரேன் சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை அடைத்திருந்த நேரம். கடைக்குப் பின்னால்தான் வீடு. ஹாலில் தாளை விரித்தாள். உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. "என் வீட்டம்மா ஜஹனாரா" என்றார் ஹபீபுர் ரஹ்மான் தாழ்ந்த குரலில். "அவங்களுக்கு இதுல இஷ்டம் இல்ல. எம் பொண்ணை ஜனங்க மிதிச்சுட்டுப் போறதான்னு கேக்கறாங்க. அந்த ரோட்டுப் பக்கமே இன்னிவரைக்கும் வந்ததில்ல."

டயானா படுத்தாள். அவர் அவளைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தெருவிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வலது பக்கமா ஒருக்களிச்சு... ஆமா. வலது கை கன்னத்துக்கு அடியில. இடது கை முன்னால, தரையில. முட்டி ரெண்டும் கொஞ்சம் மடங்கி."

சொன்னபடி செய்தாள். கன்னத்தின் கீழே கை போனதும் கண் தானாக மூடிக்கொண்டது. தாளுக்கு அடியில் தரை குளிர்ந்திருந்தது. தன் உடம்பு இதற்கு முன் அறியாத ஒரு மடிப்புக்குள் போய் உட்கார்ந்ததுபோல இருந்தது. யாரோ ஏற்கெனவே படுத்துச் சூடாக்கி வைத்திருந்த இடத்தில் படுத்தால் இருக்குமே, அப்படி.

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தபோது சமையலறை வாசலில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. டயானா எழப் போனாள்.

"எழுந்துக்காதே" என்றாள் ஜஹனாரா.

ஹபீபுர் ரஹ்மான் திரும்பவில்லை. அவருடைய முதுகு மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"இவரு பாக்கல" என்றாள் ஜஹனாரா, டயானாவிடம். "இவரு போய்ச் சேர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. ரோட்டுல மண்ணைக் கொட்டி வெச்சிருந்தாங்களாம். அதைத்தான் இவரு பார்த்தாரு. அங்க நின்னவன், போனவன் எல்லாரையும் கேட்டாரு, எம்பொண்ணு எப்படிக் கெடந்தான்னு. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க."

"ஜஹான்..." என்றார் அவர்.

"இது அவ வீட்டுல தூங்கறது. சின்னதுலேர்ந்து அப்படித்தான் தூங்குவா, நாங்க பழக்கினது. கப்ருக் குழியிலயும் வலது பக்கமாத்தான் படுக்க வெச்சாங்கன்னு இவரு வந்து சொன்னாரு."

தெருவில் ஸ்கூட்டர் ஒன்று போயிற்று. டயானாவுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் எழுந்தால் இந்த வீட்டில் ஏதோ ஒன்று இரண்டாம் தடவையாக நடந்துவிடும் என்று பயந்து அசையாமல் கிடந்தாள்.

ஜஹனாரா கரண்டியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து மண்டியிட்டு, டயானாவின் இடது கையை எடுத்துக் கொஞ்சம் உள்ளே மடித்து வைத்தாள். முட்டியை இன்னும் சற்று மேலே ஏற்றினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு கணவனின் கடை சாக்பீஸை எடுத்துக்கொண்டு, தலையிலிருந்து ஆரம்பித்து, மெதுவாகச் சுற்றிக் கோடு போட்டாள். பாதத்துக்கு வந்ததும் நிறுத்தி, "அவ காலு இவ்ளோ நீளம் இல்ல" என்று முணுமுணுத்து, கோட்டை உள்ளே தள்ளிப் போட்டாள்.

முடிந்ததும் உள்ளே போய் ஒரு போர்வை எடுத்துவந்து டயானாவின் மேல் போர்த்தினாள். எதற்கு என்று டயானா கேட்கவில்லை. போர்வைக்குள் கொஞ்ச நேரம் கிடந்தாள். அத்தர் வாசனை அடித்தது.

டயானா ஆபீசுக்கு வந்து நடந்ததைக் கோதண்டபாணியிடம் சொன்னாள். "நெஜம் இல்லைன்னு தெரிஞ்சும் அடிக்கணுமா?" என்று கேட்டார்.

"முதல்ல அடிச்சது மட்டும் நெஜமா சார்? அது நான்தானே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழையதை மறைத்துவிட்டுப் புதியதை அடித்தார்கள். பாலத்து இறக்கத்தில், கைப்பிடிச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெண் வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினாள். பெயிண்டர்களில் வயதானவர் வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மற்ற இடங்களில் வேகத்தைக் குறைத்துப் போனவர்கள், இங்கே நிறுத்தவே செய்தார்கள். செத்தவளைத் தாண்டிப் போய்விடலாம், தூங்குகிறவளைத் தாண்டிப் போக யாருக்கும் கால் வரவில்லை. கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து குனிந்து, "இந்தாம்மா, எந்திரி" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் பெயிண்ட் என்று தெரிந்து வெட்கப்பட்டுப் போனதாகப் போலீஸ்காரர் சொன்னார். அந்தப் படம் போன் போனாகப் பரவியது. அறக்கட்டளைக்காரர்கள் கோதண்டபாணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

டயானாவுக்கு இப்போது விலாவில் எதுவும் தெரியவில்லை. தூக்கம்தான் வந்தது. பஸ்ஸில், ஆபீசில், சாப்பிடும்போது என்று எந்நேரமும் கண்ணைச் சொருகியது. எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று புரிய நேரம் பிடித்தது. ஒரு காலை தேசம்மா அவளை உலுக்கி எழுப்பிவிட்டுப் பின்வாங்கி நின்றாள்.

"இன்னாமா?" என்றாள் டயானா.

"நீ இப்படிப் படுக்கற ஆளே இல்லியே" என்றாள் தேசம்மா. "யாரோ பொண்ணு படுத்துகினு கீதுன்னு நெனச்சிட்டேன்."

அன்று மாலையே சாந்தோம் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மழைக்காலம் தொடங்கியது. தூறல் விழுந்த ஒரு காலையில், சாப்பாடு டெலிவரி செய்கிற இளைஞன் ஒருவன் பாலத்து இறக்கத்தில் திடீரென்று பிரேக் போட்டு, வண்டி சறுக்கி, சுவரில் மோதி விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பெயர் அஜித்குமார். ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தான்.

மத்தியானத்துக்குள் அதை அழிக்கச் சொல்லிப் போலீஸ் உத்தரவு வந்துவிட்டது. தஹ்சீன் போன இடத்தில் இன்னொரு உயிர் போயிருக்கும், அதுவும் நம்மால் என்று கோதண்டபாணி நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்தார். எல்லா இடத்திலும் அழித்துவிடச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார். டயானா பாலத்துக்குப் போய் நின்றாள். கறுப்பு பெயிண்டை உருளையால் தேய்த்தார்கள். பாதத்தில் தொடங்கி, முட்டி, இடுப்பு, கை. கன்னத்துக்கு வந்தபோது அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடிந்ததும் பார்த்தாள். புதுக் கறுப்பு, பழைய தாரைவிடக் கறுப்பாக, அதே வடிவத்தில் படுத்திருந்தது.

ஜஹனாராவுக்குப் போன் செய்து சொன்னாள். எதிர்முனையில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். "அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்றுதான் ஜஹனாரா கேட்டாள். "என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அஜித்குமாரின் வீடு ஊரூர் குப்பத்தில். ஜஹனாரா ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் டிபன் கேரியரில் கொண்டுவந்திருந்தாள், எலும்பு சேர்வதற்கு நல்லது என்று. தோளைச் சுற்றிப் பட்டையோடு அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் எழப் பார்த்தான்.

"படுத்துக்கோப்பா. உன்னைத் திட்டறதுக்கு வரல" என்றாள் ஜஹனாரா.

"என்னால வந்தது. என்னை மன்னிச்சிடு" என்றாள் டயானா.

"உன்னால ஒண்ணும் இல்லக்கா. பெயிண்டுன்னு எனக்குத் தெரியாதா? டெய்லி அந்த வழியாத்தான் போய்க்கினு வரேன்." அவன் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். "போலீஸ்ல வழுக்கிடுச்சின்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது?"

"என்கிட்ட சொல்லு" என்றாள் ஜஹனாரா.

அவன் டயானாவைப் பார்த்தான், பிறகு ஜஹனாராவைப் பார்த்தான்.

"அது திரும்பிப் படுத்துச்சிம்மா."

மழை ஈரம், தரையில் தண்ணீர் ஓடியிருக்கும், எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் பட்டிருக்கும். இதையெல்லாம் சொல்ல டயானா வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

"எந்தப் பக்கமா?" என்றாள் ஜஹனாரா. கடைக்காரனிடம் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"சொவத்துப் பக்கம். முதுகு காட்டிக்கினு."

"நீ ஹாரன் அடிச்சியா?"

"இல்லம்மா. ஹாரன்ல கையே போகல. பிரேக்குதான் அடிச்சேன்."

ஜஹனாரா தலையை ஆட்டினாள். "காலையில எழுப்பினா அப்படித்தான் சொவத்துப் பக்கம் திரும்பிக்குவா. இன்னும் கொஞ்ச நேரம், அம்மீன்னுவா. நான் விடமாட்டேன்." அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஹாரன் அடிக்காம வந்தியே, அது போதும். சூடு ஆறதுக்குள்ள சாப்பிடு."

ஒரு கையால் அவனால் பிட்டுச் சாப்பிட முடியவில்லை. ஜஹனாராவே இடியாப்பத்தைப் பாயாவில் நனைத்து நனைத்து அவனுக்கு ஊட்டினாள். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தார்கள். வேறு வழியாகப் போகச் சொல்லட்டுமா என்று டயானா கேட்டாள். வேண்டாம் என்று ஜஹனாரா கையைக் காட்டினாள். பாலத்தின் மேலே ஏறும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறக்கத்தில் ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னாள் டயானா.

"இங்கியா?"

"ஆமாம்மா."

ஜஹனாரா தலையை வெளியே நீட்டி, கடந்துபோகும்வரை பார்த்தாள். பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"சொவரு ரொம்பக் கிட்டத்துல இருக்குதே, திரும்பிப் படுத்தா இடிச்சுக்குவாளே" என்றாள்.

டயானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீர்சாகிப்பேட்டை வரும்வரை விடவில்லை.